தண்ணீர் லாரியில் ஒரு சுற்றுமானி

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் விளங்கும் கருவிகளை நாடோறும் பார்ப்பவர் பலரேனும், அங்கே ஒன்று இல்லாதிருப்பதைக் கவனிப்பார் சிலரே. பெரும்பாக்கத்தில் எம் குடும்பத்தைக் காப்பாற்றிவரும் பழைய தண்ணீர் லாரியில், வேகமானிக்கு இடப்பக்கத்தே, அதே அளவான வட்டமொன்று கறுப்புத் தகட்டால் மூடப்பட்டிருந்தது. சிறுபிராயந்தொட்டு அதனைக் கண்டிருந்தும், அஃது என்னவென்று யாம் வினவியதில்லை. யந்திரம் நிமிஷத்திற்கு எத்தனை முறை சுழல்கின்றதென்று காட்டும் சுற்றுமானிக்கு உரிய இடமாம் அது, ஓட்டுநர்கள் ஆர்.பி.எம். மீட்டர் என்பர். அதே இனத்தில் விலையேறிய வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே அக்கருவியைப் பொருத்தி அனுப்பினர். எமக்குத் துவாரம் மாத்திரம் வாய்த்தது.

எம் தகப்பனார் அதனை ஒரு குறையாகக் கருதினாரல்லர். அவருக்குச் செவியே சுற்றுமானி. யந்திரத்தின் ஓசை இன்ன அளவு ஏறியதும் அவர் கை தானாகக் கியருக்குச் செல்லும். ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒன்பது டன் நிறை. அதிலும் தொட்டி அரைகுறையாக இருப்பின், நிறுத்தும்போது நீர் முன்னே பாய்ந்து வண்டியைத் தள்ளும். அத்தகைய பாரத்தை முப்பதாண்டு காலம் செவியையே நம்பி ஓட்டியவரிடம் கருவியைப் பற்றிப் பேச எமக்கும் நா எழவில்லை.

2019ஆம் ஆண்டின் கோடையை வாசகர் மறந்திரார். சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே நீர் கொண்டுவரப்பட்டது. அந்நாட்களில் எம் லாரி இரவும் பகலும் ஓடிற்று. அதற்குப் பின்னரே, தகப்பனார் வானொலியை உரக்க வைப்பதும், கேட்டதையே மறுபடி கேட்பதும் எம் அன்னையார் கண்ணிற் பட்டன. வண்டியிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல், யந்திரம் கதறக் கதற ஓட்டலானார். டீசல் செலவு ஏறிற்று. ஒருநாள் வால்வுத் தண்டொன்று வளைந்து வண்டி நடுச்சாலையில் நின்றது.

மருத்துவர் செவியைச் சோதித்து வரைபடமொன்றைக் காட்டினார். பேரிரைச்சலில் நெடுங்காலம் உழைத்தவருக்கு முதலிற் குன்றுவது விநாடிக்கு 4000 அதிர்வை ஒட்டிய கூரிய ஒலிகளே. தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் தங்கிவிடும். ஆறு சிலிண்டர் யந்திரம் 1500 சுற்றில் ஓடுகையில் விநாடிக்கு 75 முறை வெடிக்கும். அந்த உறுமல் அவருக்குக் கேட்டது. அதற்கு மேல் எழும் கீச்சொலியே, அதாவது எச்சரிக்கை செய்யும் பகுதியே, அவருக்கு மறைந்து போயிற்று. செவிக்கருவியும் வாங்கினோம். லாரிக்குள் அது சிங்கம் போல் கர்ஜிக்கிறதென்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வண்டியோட்டம் அவரை விட்டுப் போகலாகாதென்ற ஆசையாலேயே யாம் அந்த வெற்று வட்டத்தை நினைத்தோம். கேளாததைக் கண்டுகொள்ளலாம் அன்றோ? 1817இல் செருமானியரான ஊல்ஹோர்ன் சுற்றுமானி செய்தபோது, சுழலும் பொருள் வெளிநோக்கி விலகும் விசையைக் கொண்டு அளந்தார். பெட்ரோல் வண்டியில் தீப்பொறிகளை எண்ணினாற் போதும். டீசலில் பொறியே இல்லை; அழுத்திய காற்றின் வெப்பமே எரியச் செய்கின்றது. ஆகவே மின்சாரம் பிறப்பிக்கும் ஆல்டர்னேட்டரின் துடிப்பை எண்ணல் வேண்டும். அதன் முதுகில் டபிள்யூ என்று குறித்த முனையொன்று, எதனோடும் பிணைக்கப்படாமல், எமக்காகவே காத்திருந்தது போல் இருந்தது.

புதுப்பேட்டையில் அரைநாள் அலைந்தோம். கடைக்காரர் ஒருவர் 12 வோல்ட் கருவியொன்றைக் கையில் திணிக்கப் பார்த்தார், எம் வண்டி 24 வோல்ட், பொருத்தியிருப்பின் புகைந்திருக்கும். முடிவில், எம் வண்டியின் இனத்தையே சேர்ந்த, உடைபட்ட லாரியொன்றின் சுற்றுமானி கிடைத்தது. பலகையைக் கழற்றியபோது, பின்னே நெடுநாட் புழுதியும், எம் பள்ளிநாளில் தொலைந்த பென்சிலும் இருந்தன. சாவியிலிருந்து ஓர் ஒயர், உடற்சட்டத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, டபிள்யூ முனைக்கு ஒன்று: நான்கே. அன்று மாலையே ஊசி எழுந்தது.

வண்டியை நின்றபடி ஓடவிட்டோம். ஊசி 750இல் நின்றது. தகப்பனார் டேஷ்போர்டின்மீது உள்ளங்கையை வைத்தார். "இது பொய் சொல்லுதுடா. அறுநூறுக்கு மேல இருக்காது" என்றார். தம்பி நகைத்தான். மறுநாள் ஜெனரேட்டர் மெக்கானிக் ஒருவரிடமிருந்து ஒளியால் அளக்கும் கைக்கருவியை இரவல் வாங்கி, யந்திரக் கப்பியில் பளபளக்கும் காகிதத்துண்டு ஒட்டி அளந்தோம். சரியாக 600. பழைய வண்டியில் யந்திரம் ஒருமுறை சுழல ஆல்டர்னேட்டர் இருமுறை சுழலும்; எம் வண்டியின் கப்பிகளின்படி இரண்டரை முறை. ஆதலால் கருவி யாவற்றையும் காற்பங்கு கூட்டியே காட்டிற்று. அதன் முதுகிலிருந்த சிறு திருகைத் திருப்பி ஊசியை 600க்குக் கொணர்ந்தோம். அன்றிரவு தகப்பனார் மிகுந்த உற்சாகத்தோடு உணவருந்தினார் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்த நாள் நிறைபாரத்தோடு மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர்ச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். ஊசியைப் பாராமலே ஓட்டினார் அவர். யந்திரம் எமக்குச் செவி கூசக் கத்திக்கொண்டிருந்தது. "அப்பா, இப்ப எவ்வளவு இருக்கும்?" என்றான் தம்பி. "ஆயிரத்தைந்நூறு." ஊசி 2100ஐத் தொட்டிருந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் விரலால் காட்டினான். தகப்பனார் ஒருமுறை பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார். பெரும்பாக்கம் ஏரியைக் கடக்கையில் அவரே, கேளாமலே, "ஆயிரத்தைந்நூறு" என்றார். பிறகு கண்ணைத் திருப்பினார். 2000.

தண்ணீரை இறக்கி முடியும்வரை அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. தோள்துண்டால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீடு வந்ததும் சாவியைத் தம்பியிடம் கொடுத்து, "பச்சைக் கோட்டைத் தாண்ட விடாதே" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவச் சென்றார்.