ஆறிப்போன அடி என்று விட்டுவிடாதீர்கள்



1996. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் இடைநிலை ஆசிரியர். அப்போது எங்கள் பகுதி விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல்தான்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன். கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பான், திடீரென்று பென்சில் நழுவும். பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும். வாய் எதையோ மெல்வதுபோல் அசையும். கூப்பிட்டால் பதில் வராது. ஒரு நிமிடம் கழித்து மலங்க மலங்க விழிப்பான். பாடத்தில் கவனமில்லை என்று வெளியே நிற்க வைத்தேன். ஒருநாள் பிரம்பையும் எடுத்தேன்.

பிறகு ஒரு காலை, வழிபாட்டுக் கூட்டத்தில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. யாரோ ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். காத்து கருப்பு என்றார்கள். மறுநாள் அவனையும் அவன் அம்மாவையும் பஸ்ஸில் கீழே அழைத்துப் போனேன்.

"தலையில் எப்போதாவது அடிபட்டதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆறு வயசுல புளியமரத்துல இருந்து உழுந்தாங்க. மண்டை ஓடு உள்ள அமுங்கிடுச்சுன்னு வைத்தியம் பாத்தோம். அதுதான் ஆறிப்போச்சுங்களே" என்றார் அந்த அம்மா.

எலும்பு கூடிவிட்டது. உள்ளே மூளையில் விழுந்த தழும்பு அப்படியே இருந்திருக்கிறது. அதிலிருந்து மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் வலிப்பு வரலாமாம். நான் கவனக்குறைவு என்று தண்டித்ததும் வலிப்பில் ஒரு வகைதான்.

அதன்பின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மண்டையோட்டில் மெல்லிய விரிசல் மட்டும் விழுந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள், பயம் வேண்டாம். ஆனால் சிறு குழந்தைக்கு, முக்கியமாக மூன்று வயதுக்குள், அடிபட்ட இடம் சில வாரம், சில மாதம் கழித்து வீங்கிப் பெரிதானால் உடனே காட்டுங்கள். விரிசல் கூடாமல் அகன்றுகொண்டே போகலாம். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகினால் மூளைக்காய்ச்சல் அபாயம் உண்டு. ஒரு காது மந்தம், மறதி, காரணமில்லாத கோபம், படிப்பில் சறுக்கல் ஆகியவையும் பின்னாளில் தெரியவரலாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவியும் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சென்ற மாதம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்தேன். மரவள்ளி போட்டிருக்கிறானாம், மகள் ஏழாம் வகுப்பு. அன்றைக்கு அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் ஞாபகமே இல்லைங்க சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுதான் ஞாபகம்" என்றான்.

எனக்கு இரண்டும் ஞாபகம் இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பழைய தலைக்காயத்தையும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, அடிக்கடி உறைந்து நிற்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், "சின்ன வயசுல தலையில அடிபட்டுச்சா?" என்று வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.