நீர்முள்ளிக்கு ஒரு தொட்டி

காஞ்சி வரதருக்கு மலர்க்கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகளின் ஊர் இப்பூவிருந்தவல்லி. இங்கே நாங்கள் வளர்ப்பதோ ஒரு முட்செடி.

ஐங்குறுநூற்றுக் கள்வன் பத்தில் நண்டு திரியும் கரையில் நிற்கிறதே, அந்த முள்ளிதான். இருவரும் இருபது ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறோம்; மாணவர்க்கு அச்செடியைக் காட்டியதே இல்லை. காட்டியிருக்கக்கூடிய கால்வாயோரத்தைக் கட்டட இடிபாடு கொட்டி மூடினார்கள். மூடுமுன் ஒரு பிடி விதை எடுத்துவந்தோம். ஈரம் பட்டதும் விரலில் கோழையாய் ஒட்டிக்கொள்ளும் விதை.

விளிம்புடைந்த சிமெண்டுத் தொட்டி, களிமண், காயாத ஈரம். முதலாண்டு ஆழப் புதைத்து ஏமாந்தோம். மறுமுறை மேலாகத் தூவினோம். மழை ஓய்ந்த மார்கழியில் கணுவுக்கு ஆறு முள்ளும், நடுவே ஊதாப்பூக்களும். இறகில் மயிற்கண் கொண்ட ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுப் போனது. கரிய முட்புழுக்கள் இலைகளைத் தின்றன. "வீட்டில் யாராவது முள் வளர்ப்பார்களா?" என்றார் அம்மா. செடிக்காக வருந்துவதா, புழுவுக்காக மகிழ்வதா? இன்றுவரை எங்களுக்குள் வழக்கு தீரவில்லை.

தப்பிய ஒரு கிளையை வகுப்புக்குக் கொண்டுசென்றோம். பாடலுக்கு அசையாத வகுப்பு முள்ளைக் கண்டு எழுந்து வந்தது. "கல்லடைப்புக்கு எங்கள் பாட்டி இதில்தான் கஷாயம் வைப்பார்" என்றாள் கடைசி வரிசை மாணவி. அவளிடம் பத்து விதைகள் கொடுத்திருக்கிறோம்.