ஒன்று கொடு, ஒன்று வாங்கு

பொழுதுபோக்குகள் பலவகைப்படும். தபால் தலை சேர்ப்போர் சிலர். நாணயம் சேர்ப்போர் சிலர். தீப்பெட்டிப் படம் சேர்ப்போரும் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவர் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்து வருபவை விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகள். சேர்ப்பதில் கிடைக்கும் இன்பம் ஒரு பங்கு என்றால், சேர்த்ததைத் தோழியரோடு மாற்றிக்கொள்வதில் கிடைக்கும் இன்பம் மூன்று பங்கு. தொல்லைகளும் அதே அளவுதான். இரண்டையும் பற்றி ஆண்டு மலருக்கு எழுதும்படி தமிழாசிரியை பணித்ததால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதல் தொல்லை பெயரிலேயே தொடங்குகிறது. "சீட்டு சேர்க்கிறோம்" என்று வீட்டில் சொன்னால், "ஏலச்சீட்டா, சூதாட்டச் சீட்டா?" என்று அம்மா பதறுகிறார். "அட்டை சேர்க்கிறோம்" என்று நல்ல தமிழில் சொன்னாலோ அப்பாயி சிரிக்கிறார். "நடவு வயலில் இறங்கினால் அட்டை தானே வந்து காலில் ஒட்டிக்கொள்ளுமே! அதைக் காசு கொடுத்தா சேர்க்க வேண்டும்?" என்று கேட்கிறார். ஆகவே கார்டு என்றே எழுதுகிறோம். தமிழாசிரியை பொறுத்தருள வேண்டும்.

இந்தக் கார்டுகள் பிறந்த இடத்தைச் சொன்னால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அவை பிறந்தது சிகரெட் பொட்டலத்தில்! 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட்டுகள் மெல்லிய தாள் பொட்டலங்களில் விற்கப்பட்டன. உள்ளிருப்பவை நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையை ஏன் வைப்பானேன் என்று அதில் படங்களை அச்சிட்டார்கள். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896இல் கிரிக்கெட் வீரர்கள் 50 பேரின் படங்களை வெளியிட்டது. அந்த ஐம்பதில் நம் நாட்டில் பிறந்த ரஞ்சித்சிங்ஜியும் ஒருவர். அதே 1896இல்தான் அவர் மான்செஸ்டரில் தமது முதல் டெஸ்ட் போட்டியில் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் எடுத்தார். இன்றைய ரஞ்சிக் கோப்பை அவர் பெயரால் வழங்குவது யாவரும் அறிந்ததே.

அமெரிக்காவில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரர் இருந்தார். 1909இல் தொடங்கி வெளிவந்த ஒரு வரிசையில் இவருடைய கார்டும் இருந்தது. சிறிது காலத்திலேயே அதை அச்சிடுவது நின்றுவிட்டது. சிறுவர்கள் தம் படத்துக்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு சாராரும், தமக்குரிய பணம் கிடைக்காததால் மறுத்தார் என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். எப்படியோ, கார்டு அரிதாகிவிட்டது. 2022இல் அத்தகைய ஒரு கார்டு 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. இதை எங்கள் சிஸ்டரிடம் சொன்னபோது, முதற்சாரார் சொல்வதே உண்மையாக இருக்கட்டும் என்றார்.

பிறகு கார்டுகள் சிகரெட்டை விட்டு மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் மாறின. நம் நாட்டில் பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களைச் சேர்த்த கதையை எங்கள் மாமாக்கள் இன்றும் சொல்வார்கள். 1990களில் மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டுகள் வந்தன. உயரம், எடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, யாருடைய எண் பெரியதோ அவர் மற்றவரின் கார்டைப் பறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டத்தில் ஒருவர் சிரித்தால் மற்றவர் அழ வேண்டும். மாற்றிக்கொள்வதில் அப்படியில்லை. எங்களிடம் இரண்டாக உள்ளது உங்களிடம் இல்லை. உங்களிடம் இரண்டாக உள்ளது எங்களிடம் இல்லை. மாற்றிக்கொண்டால் இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

மாற்றிக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதை எங்கள் கணித ஆசிரியையே நிகழ்தகவுப் பாடத்தின்போது விளக்கினார். ஒரு வரிசையில் 50 கார்டுகள் உள்ளன என்று கொள்வோம். எல்லாம் சம அளவில் அச்சிடப்பட்டவை. எது வரும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். முதல் 25 வெவ்வேறு கார்டுகள் சேர, சராசரியாக 34 கார்டுகள் வாங்கினால் போதும். மீதி 25ஐயும் சேர்க்கவோ ஏறத்தாழ 191 கார்டுகள் வாங்க வேண்டும்! கடைசி ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் சராசரியாக 50. ஆக 50 கார்டுக்கு 225 வாங்க வேண்டும். 175 கார்டுகள் இரட்டையாகவும் மூன்றாகவும் பெட்டியில் உறங்கும். தனியாகச் சேர்ப்பவள் அப்பாவின் பையைத்தான் காலி செய்வாள். தோழிகளோடு சேர்ப்பவளுக்கு அந்த 175உம் செல்வமாகும். இதைக் கேட்ட பிறகு எங்கள் பெற்றோர் பாக்கெட் வாங்கக் காசு தருவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது வேறு செய்தி.

பண்டமாற்று நம் வட்டாரத்துக்குப் புதியதும் அன்று. வேதாரண்யம் பக்கம் விளையும் உப்பைப் போன்ற நெய்தல் நிலத்து உப்பை வண்டியில் ஏற்றிச் சென்று, உமணர்கள் நெல்லுக்கு மாற்றியதைச் சங்க நூல்கள் கூறுகின்றன. அப்பாயியின் சிறுவயதில் அறுவடைக் களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துப் பொரியும் கடலையும் வாங்குவார்களாம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்தவரைப் பற்றிக் கேள்விப்படாதவர் யார்?

எங்கள் சந்தை மதிய உணவு இடைவேளையில் புங்கமரத்தடியில் கூடுகிறது. வகுப்பறையில் கார்டை வெளியே எடுத்தால் அது ஆண்டு இறுதித் தேர்வுக்குப் பிறகுதான் திரும்பக் கிடைக்கும் என்பதால் யாரும் எடுப்பதில்லை. எடையூர், ஆலத்தம்பாடி, கச்சனம் என்று பல ஊர்களிலிருந்து பேருந்தில் வரும் மாணவியர் எங்கள் கடைத்தெருவில் கிடைக்காத கார்டுகளைக் கொண்டுவருவார்கள். செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து வந்தவுடன் சந்தை களைகட்டும். நவம்பரில் மழை விடுமுறை விட்டால் எல்லாரும் மகிழ்வார்கள். நாங்கள் மட்டும் சந்தை நின்றுபோனதே என்று வருந்துவோம். மழைக்காலத்தில் கார்டுகள் ஈரம் கோத்து வளைந்துவிடும். ஆகையால் அவற்றை முறுக்கு டப்பாவில் வைத்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்துகிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயலில் எங்களில் ஒருத்தியின் வீட்டு ஓடுகள் பறந்து, அவளுடைய அண்ணன் சேர்த்த கார்டுகள் அத்தனையும் கூழாகிப்போயின. அன்று வீட்டில் அழுவதற்கு வேறு பெரிய காரணங்கள் இருந்ததால் அண்ணன் அதைப் பற்றி வாய் திறக்கவேயில்லையாம். தங்கை சேர்க்கத் தொடங்கியபோது முதல் டப்பாவை வாங்கிக் கொடுத்தவர் அவரே.

பேரம் பேசுவது தனிக் கலை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதன் அருமை எங்களுக்கு இப்போதுதான் புரிகிறது. ஆசையைக் கண்ணில் காட்டிவிட்டால் ஒன்றுக்கு மூன்று கேட்பார்கள். வேண்டிய கார்டைப் பார்த்தும் பார்க்காதவள் போல, "இதுவா, பரவாயில்லை" என்று சொல்லப் பழக வேண்டும். எங்களில் ஒருத்திக்கு இது கடைசி வரை வரவில்லை. தோனியைக் கண்டால் அவள் முகம் விளக்குப் போல் எரிந்துவிடும்.

ஒருநாள் ஒரு தங்கை, "மூன்று புனித அந்தோனியார் படம் தருகிறேன், ஒரு தோனி தருவீர்களா, அக்கா?" என்று கேட்டாள். சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று நடுங்கினோம். அவரோ மரத்தடியிலேயே அமர்ந்து, திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் வரும் சீமோனின் கதையைச் சொன்னார். தூய ஆவியின் கொடையைப் பணம் கொடுத்து வாங்க வந்தவன் அவன். "புனிதர் படத்தை யாருக்கும் கொடுங்கள், யாரிடமும் வாங்குங்கள். ஆனால் இத்தனைக்கு இத்தனை என்று பேசாதீர்கள். விலை பேசாமல் கொடுக்கிற பொருள் ஒன்றாவது நம் கையில் இருக்கட்டும்" என்றார். அன்று முதல் எங்கள் சந்தையில் புனிதர் படங்களுக்கு விலை கிடையாது.

இனி, மிகப் பெரிய தொல்லைக்கு வருவோம். பெரியவள் சின்னவளை ஏய்ப்பது. வெளியிடம் ஒன்றில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பளபளக்கும் ஒரு கார்டுக்காக ஐந்து நல்ல கார்டுகளைக் கொடுத்துவிட்டாள். வாங்கி வந்தது நகல் எடுத்து மினுமினுப்புத் தாள் ஒட்டியது என்று மறுநாள்தான் தெரிந்தது. அவள் அழுத அழுகையைப் பார்த்து நாங்கள் கூடிப் பேசி மூன்று விதிகள் வகுத்தோம். பணத்துக்குக் கார்டு விற்கக் கூடாது. அப்பா அம்மா பிறந்தநாளுக்குத் தந்த கார்டை யாரும் கேட்கக் கூடாது. எட்டாம் வகுப்புக்குக் கீழ் உள்ளவர்களோடு மாற்றினால், மறுநாள் காலை மணி அடிக்கும் வரை அவர்கள் மனம் மாறலாம். கேட்டால் மறுபேச்சின்றித் திருப்பித் தர வேண்டும். இதற்கு ஓரிரவு விதி என்று பெயர்.

விதி செய்வது எளிது. எங்கள் ஆல்பத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது, அஸ்வினுக்குரிய இடம். டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட்டுகள் எடுத்த நம் தமிழ்நாட்டுக்காரர் இல்லாமல் அந்த ஆல்பத்தை மூடி வைக்க மனம் வரவில்லை. எட்டு மாதம் தேடினோம். கடைசியில் அதே ஆறாம் வகுப்புத் தங்கையிடம் அஸ்வின் இருக்கக் கண்டு, ஏழு கார்டுகளுக்கு மாற்றினோம். அன்றிரவு ஐவரும் ஆல்பத்தை முறைவைத்துப் பார்த்தோம். மறுநாள் மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது அவள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அக்கா, ராத்திரி தூக்கமே வரவில்லை. அஸ்வினைத் திருப்பித் தருவீர்களா?" என்றாள். எங்களில் ஒருத்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒருத்தி பெல் அடிக்கும் இடத்தையே பார்த்தாள். ஆனால் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டோம். அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று முதல் சிறு வகுப்புத் தங்கைகள் பயமின்றி எங்கள் மரத்தடிக்கு வருகிறார்கள். எங்கள் சந்தை இருமடங்காகப் பெருகிவிட்டது.

ஒரு குறை மட்டும் எங்களை உறுத்தியது. நாங்கள் வாங்கிய பாக்கெட்டுகளில் ஒரு பெண்ணின் முகமும் இல்லை. பெண்கள் பள்ளியில் பெண்கள் மாற்றிக்கொள்ளும் நூற்றுக்கணக்கான கார்டுகளில் அத்தனை பேரும் ஆண்கள்! 2025 நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌர் தலைமையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார்களே, அன்றிரவே முடிவு செய்தோம். கடையில் இல்லையென்றால் நாமே செய்வோம்.

வீட்டுப் பரணில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கார்டு அளவுக்கு வெட்டினோம். செய்தித்தாள் படங்களை முன்பக்கம் ஒட்டினோம். பின்பக்கம் கறுப்பு மையால் விவரம் எழுதினோம். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு இடங்களில் சரிபார்த்த பிறகே எழுதுவது எங்கள் வழக்கம். இறுதியாட்டத்தில் 58 ஓட்டங்களும் 5 விக்கெட்டுகளும் எடுத்த தீப்தி சர்மா முதல் கார்டு. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று, கண்ணீரோடு இயேசுவுக்கு நன்றி கூறிய ஜெமிமா ரோட்ரிக்ஸ் இரண்டாவது. உலகக் கோப்பைப் போட்டியில் சதமடித்த முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் திருஷ் காமினி (2013) மூன்றாவது. சென்னையில் பிறந்து, 1976இல் பாட்னாவில் இந்தியப் பெண்கள் அணிக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்த தலைவி சாந்தா ரங்கசாமி நான்காவது. அவரைப் பற்றித் தேடிப் படிக்கும் வரை எங்களில் ஒருத்திக்கும் அவர் பெயர் தெரியாது.

பசை நாற்றம் வீசும் இந்தக் கார்டுகளை யார் வாங்குவார்கள் என்று நினைத்தோம். இப்போது மரத்தடியில் ஒரு ஜெமிமாவுக்கு மூன்று ஆண் வீரர்கள் என்பது நடப்பு விலை! அஸ்வினைத் திருப்பி வாங்கிய தங்கை ஒரு சாந்தா ரங்கசாமிக்கு நான்கு கார்டுகள் தந்தாள். மறுநாள் மணி அடிக்கும் வரை காத்திருந்தோம். அவள் திரும்பி வரவில்லை.

அன்புத் தங்கைகளே! உங்கள் வீட்டு டப்பாவில் இரண்டாக, மூன்றாக உறங்கும் கார்டுகளைக் கொண்டுவாருங்கள். கேட்பதை அஞ்சாமல் கேளுங்கள். கொடுப்பதை மனமாரக் கொடுங்கள். இரவு தூக்கம் வரவில்லையென்றால் காலையில் ஓடி வாருங்கள். பெற்றோர்களே! பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மார்ச் மாதத்தோடு நாங்கள் பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். மரத்தடிச் சந்தையையும் அதன் மூன்று விதிகளையும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைக்கிறோம். அதற்கு மட்டும் மாற்றாக எதுவும் கேட்கமாட்டோம்.