நாலு மணிக் காப்பி

கோவில்பட்டி
7.12.2025

ஏட்டி சிநேகிதி,

'நலம், நலமறிய ஆவல்'னு ஆரம்பிச்சா நீ சிரிப்ப. போன்ல பேசலாம்னா ரெண்டாவது நிமிஷமே உன் பேரன் பிடுங்கிடுறான். வாட்ஸ்அப்ல அடிக்கலாம்னா எனக்குக் கண்ணும் கையும் கடுக்குது. வீட்டுல யாரும் மாலை போடாததால கார்த்திகையிலயும் எங்களுக்குக் கறிக்குழம்பு உண்டு. சாப்பிட்டுட்டு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில குறட்டை விடுதாக. எனக்குத் தூக்கம் வரல. பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டேன்.

முதல்ல பெரிய சேதி. நான் டெட் எழுதிட்டேன்டி, அந்த ஆசிரியர் தகுதித் தேர்வை! ஆமா, நானேதான். பிள்ளைகளுக்கு வினாத்தாள் எடுத்துத் தலை நரைச்சவ, போன மாசம் 15ஆம் தேதி ஹால் டிக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நின்னேன்.

நீ விருப்ப ஓய்வு வாங்கிட்டுக் கோயம்புத்தூர் போய் உக்காந்துட்ட, தப்பிச்ச. இங்க செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த சாயங்காலம் ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியல, கேட்டியா. எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடம் நடத்துற வாத்தியார்மாருக்கு ஓய்வு பெற அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா, ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும். அஞ்சு வருஷத்துக்குக் கீழ இருந்தா வேலை பாத்துட்டுப் போகலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. 2010 ஆகஸ்ட்டுக்கு முன்னால வேலைக்கு வந்தவுகளுக்கு இந்தப் பரீட்சையே கிடையாதுன்னு நாமெல்லாம் நிம்மதியாக் காலை நீட்டிப் படுத்திருந்தோம்லா? பதிவு மூப்புல, வேலைவாய்ப்பு ஆபீஸ் வாசல்ல தவம் கிடந்து வாங்குன வேலை.

அந்த வாரம் குறுவள மையக் கூட்டத்துல நடந்த கூத்தைக் கேளு. நம்ம ஜன்னலோர சீட்டுக்காரி இருக்காளே, வயசு கேட்டா "அதெல்லாம் எதுக்கு"ன்னு மழுப்புவாளே, அவ எழுந்து நின்னு பிறந்த தேதியை மாசம் வருஷத்தோட சொல்லி, "சார், எனக்கு அஞ்சுக்குக் கீழயா மேலயா?"ன்னு கேட்டா. அவ நம்மளவிட மூணு வயசு மூத்தவடி! இத்தனை வருஷமா அக்கான்னு கூப்பிடாம இருந்துட்டோம். எங்க பெரிய டீச்சர் விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, "எனக்கு நாலு வருஷம்தான்"னு சொன்னவுக, மறுநாள் ஒரு பாக்கெட் கடலை மிட்டாயோட வந்தாக. நம்ம ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு எல்லாம் குடுத்திருக்கு. அன்னைக்கு என் வாய்க்கு அது கசந்துச்சு.

விண்ணப்பம் போட அப்ப நாள் அதிகம் இல்ல. எம்மக பி.எட். முடிச்சிட்டு ரெண்டாம் தாளுக்குப் போட்டுக்கிட்டிருந்தா. "அம்மா, உங்களுக்கும் சேத்துப் போட்டுட்டேன், முதல் தாள்"னு வந்து நின்னா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா ஒரு மாசம் யோசிச்சிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். நம்ம வீட்டுல படிக்கிற ஆளுக்கு ஒரு தனி மரியாதை இருக்குடி. பிள்ளை படிக்குன்னா டிவி சத்தம் குறையும், சண்டை அடுப்பங்கரைக்குள்ள போயிடும், கேக்காமலே பால் வரும். அந்த மரியாதையை நான் ரெண்டு பிள்ளைகளுக்கும் குடுத்திருக்கேன், எனக்கு வாங்குனது இல்ல. பயிற்சிப் பள்ளியில படிச்சப்பக்கூட லீவுக்கு வீட்டுக்குப் போனா புஸ்தகத்தைத் தொடுறதுக்குள்ள "தண்ணி எடுத்துட்டு வந்து படி"ம்பாக. இப்ப, இந்த வயசுல, விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்தா, எங்க வீட்டுக்காரவுக காப்பியோட வந்து நிக்காக! மோட்டாருக்குக் காயில் கட்டுற கை. காப்பியும் அதே கணக்குதான். தூளை ஸ்பூன்ல அளந்து, நுனிவிரலால தட்டிச் சரிபண்ணி, பாலை நுரை பொங்கும்போது மூணு தடவை ஊதி இறக்குவாக. பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கும். ருசியா? சீனி ஒரு கரண்டி தூக்கல். நான் ஒண்ணும் சொல்லல. நாலு மணிக்குக் காப்பி போட்டுக் குடுக்கிற மனுசன்கிட்ட சீனியைப் பத்திப் பேசுறவ உருப்படுவாளா?

மக எனக்கு வாத்திச்சி. குழந்தை உளவியல் அவளுக்கும் எனக்கும் பொது, முப்பது மார்க்கு. பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க்னு நாம அன்னைக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில மனப்பாடம் பண்ணுனமே, அதே ஆளுகதான், மாறவே இல்ல. பியாஜே என்ன சொல்லுதாரு? ஏழு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளை, குட்டையான டம்ளர்ல இருக்கிற தண்ணியை ஒல்லி டம்ளருக்கு மாத்துனா, உயரத்தைப் பாத்துட்டு இதுலதான் தண்ணி கூடன்னு சொல்லுமாம். சரி, நம்மகிட்ட இல்லாத பிள்ளைகளான்னு ஒருநாள் மத்தியானம் ஒண்ணாம் வகுப்பு வாண்டு ஒருத்தனைக் கூப்பிட்டு நிறுத்தி மோரை ஊத்திக் காட்டுனேன். "எதுல கூட இருக்கு?" அவன் என்னை ஏற இறங்கப் பாத்தான். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். நீங்க ஊத்துனதை நான்தான் பாத்தேன்லா?"ன்னான். அவங்க அம்மா கழுகுமலை ரோட்டுல டீக்கடை வச்சிருக்கு. பிறந்ததுல இருந்து கிளாஸ் மாத்தி ஊத்துறதைப் பாத்தே வளந்தவன்கிட்ட பியாஜே என்ன பண்ணுவாரு! அடுத்து கூப்பிட்ட நாலு பிள்ளையும் புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே பதில் சொல்லிச்சுதுங்கிறதையும் சொல்லிடுதேன், இல்லன்னா அந்த மனுசனுக்குத் துரோகம்.

அத்தையைப் பத்திச் சொல்லணும். எழுபத்தெட்டு ஆச்சு, காது மட்டும் கொஞ்சம் மந்தம். நான் படிக்க உக்காந்தா அவுகளும் எந்திரிச்சுக் கட்டில்ல உக்காந்துக்கிடுவாக. "இத்தனை வருசமாப் பாடம் நடத்துறவளுக்குப் பரீட்சை வைக்கிறவன், அவன் எழுதுனானா முதல்ல?"ன்னு ஒருநாள் நீதிமன்றத்தையே கேட்டாக. எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு நடத்துறோம்னு நான் மககிட்ட விளக்கிக்கிட்டிருந்தேன். "பள்ளிக்கூடத்துல பூக்கடை எப்ப போட்டாக?"ன்னுட்டு ரெண்டு பேரையும் சிரிக்க வச்சுட்டாக.

உனக்கு ஞாபகம் இருக்கா, எனக்கு முதல் வேலை விளாத்திகுளம் பக்கம் கிடைச்சுச்சே, ரெண்டு பஸ் மாறிப் போகணும். மகன் பிறந்தப்ப நமக்குப் பேறுகால விடுப்பு மூணு மாசம்தான். இப்ப ஒரு வருசம் குடுக்காக, நல்லா இருக்கட்டும் பிள்ளைக. மூணு மாசப் பச்சைப்பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நான் அழுதுக்கிட்டு வேலையை எழுதிக் குடுத்துடலாம்னு நிக்கேன். அத்தை ஒண்ணும் பேசல. மறுநாள் பதினொரு மணி பஸ்ல பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கிட்டாக. ஒரு தோள்ல பிள்ளை, ஒரு கையில வயர் கூடை. கூடைக்குள்ள தீப்பெட்டி ஒட்டுற அட்டையும் பசைக் கிண்ணமும். வராந்தா ஓரத்துல பழைய சேலையை விரிச்சுப் பிள்ளையைப் போட்டுட்டு, பக்கத்துலயே உக்காந்து பெட்டி ஒட்ட ஆரம்பிச்சுட்டாக. தீப்பெட்டி ஆபீஸுக்குக் கணக்குப்படி குரோஸ் குடுக்கணும்லா! அப்ப இருந்த தலைமையாசிரியர் வந்து முகத்தைச் சுளிச்சாரு. அத்தை தலையைக்கூட நிமிரல. "உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் ஒரு பிள்ளை சேக்கக் கொண்டாந்திருக்கேன் சார். அஞ்சு வயசு ஆகுற வரைக்கும் இந்த நெழல்ல கெடக்கட்டும்"னாக. அந்த ஆளு அப்புறம் ஒண்ணும் சொல்லல. பிள்ளைக்குப் பசி வந்தா அத்தை ஜன்னல் பக்கம் வந்து ஒரு இருமல் இருமுவாக, நான் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிட்டு வெளிய போவேன். அவன் பால் மறக்குற வரைக்கும் இது நடந்துச்சு. அத்தை ஒட்டுன பெட்டியில எத்தனை குச்சி எரிஞ்சுதோ, எங்க வீட்டு விளக்கு எரிஞ்சது அவுகளாலதான். இதை நான் ஒருநாளும் அவுககிட்ட சொன்னதில்ல. சொன்னா "போ, போய் ஜோலியப் பாரு"ம்பாக. உன்கிட்ட எழுதுறது சுலபமா இருக்கு.

பரீட்சை அன்னைக்கு என்னைத் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனது அந்தப் பயதான், இப்ப காலேஜ் படிக்கான். வாசல்ல என் கைப்பை, போன், வளையல் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு, "பாத்து எழுதுங்கம்மா, வட்டத்துக்கு வெளிய மை போகக் கூடாது"ன்னான். நான் அவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில சொன்னதை எனக்கே திருப்பிட்டான். உள்ள போனா பாதிப் பேர் நம்ம வயசு, மீதிப் பேர் நம்ம மாணவிக. எனக்கு ரெண்டு பெஞ்சு தள்ளி, நான் அ, ஆ சொல்லிக் குடுத்த பிள்ளை உக்காந்திருக்கா! எழுந்து நின்னு வணக்கம் சொல்லிட்டா. மேற்பார்வையாளர் "யாரும்மா அது, உக்காரு"ன்னு சத்தம் போட, ஹாலே திரும்பிப் பாத்துச்சு. நூத்தம்பது கேள்வி, மூணு மணி நேரம். தமிழும் சூழ்நிலையியலும் வழுக்கிக்கிட்டுப் போச்சு. கணக்கு கொஞ்சம் கையைக் கடிச்சுச்சு. இங்கிலீஷைப் பத்திக் கேக்காத.

பள்ளிக்கூடம் எப்பவும்போல. ஈராசிரியர் பள்ளிதானே, பெரிய டீச்சர் எமிஸ் கணினிப் பதிவைக் கட்டி அழ, அஞ்சு வகுப்பும் பாதி நேரம் என் தலையில. வருகைப் பதிவைச் செயலியில ஏத்தணும்னா வேப்பமரத்தடிக்குப் போகணும், அங்கதான் டவர் வரும். இப்ப அவுகளுக்கு வாக்காளர் பட்டியல் வேலை வேற. வீடு வீடாப் படிவத்தைக் குடுத்து வாங்கி, 2002, 2005 பட்டியல்ல செத்துப்போன மாமனார் பேரு எங்கன்னு தேடிக் குடுத்துட்டு, ராத்திரி செயலியில ஏத்திட்டு, காலையில கண்ணு செவக்க வாராக. கடலை மிட்டாய்க் கோவத்தை நான் விட்டுட்டேன். பாவமா இருக்கு.

ஒண்ணு மட்டும் நிசமாவே மாறியிருக்கு. முன்னெல்லாம் திங்கக்கிழமை காலை வணக்கக் கூட்டத்துல யாராவது ஒரு பிள்ளை சரிஞ்சு விழும். தீப்பெட்டி ஆபீஸுக்கு விடியுமுன்ன வண்டி ஏறுற அம்மா, அடுப்பை எங்க பத்த வைப்பா? 2023 ஆகஸ்ட்டுல காலை உணவு எங்க பள்ளிக்கு வந்ததுல இருந்து அப்படி ஒண்ணும் பாக்கல. குழுவுல சமைக்கிற அக்கா கிச்சடியை இறக்குற வாசம் பஸ் ஸ்டாப் வரைக்கும் வருது. ரவா உப்புமான்னாலே ஹாஸ்டல்ல கண்ணீர் விடுவாளே நம்ம உப்புமாக்காரி, அவ இப்ப வட்டாரக் கல்வி அலுவலர், தெரியுமா! எங்க பள்ளிக்கு ஆய்வுக்கு வந்தவ, பிள்ளைகளோட உக்காந்து ருசி பாக்கணும்னு விதி. அன்னைக்கு என்ன போட்டிருப்பாகன்னு நீயே யோசிச்சுக்கோ. முழுத் தட்டையும் முடிச்சா. நான் வாயைத் திறக்கல, அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே!

புதன்கிழமை திருக்கார்த்திகை. வியாழக்கிழமை பிள்ளைக ஆளுக்கொரு பொட்டலத்தோட வந்துச்சுக, எல்லாம் ஓலைக் கொழுக்கட்டை. கோயம்புத்தூர்ல உனக்கு இது எங்க கிடைக்கும்? பச்சரிசி மாவுல உடன்குடிக் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சுக்கும் போட்டுப் பிசைஞ்சு, குருத்தோலைக்குள்ள வச்சு, ஓலை நாராலயே கட்டி அவிச்சது. கட்டைப் பிரிச்சா ஓலை நரம்பு வரி வரியா மாவு மேல பதிஞ்சிருக்கும், அதுல நாக்கை வச்சாப் பனவாசம் முதல்ல, இனிப்பு அப்புறம். டீக்கடைக்காரப் பய கொண்டாந்ததுல மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல், "எங்கம்மா இல்ல, நான் பிசைஞ்சது"ன்னான். மிச்சத்தை அத்தைக்குக் கொண்டு போனேன், பல் இல்லாட்டியும் ஓலையை உரிச்சு உரிச்சு நாலு தின்னுட்டாக.

எம்மகன் இப்ப வீட்டுல நிக்கதில்ல. ஜூனியர் உலகக்கோப்பை ஹாக்கி சென்னையிலயும் மதுரையிலயும் நடக்குல்லா, நம்ம ஊர்ப் பயலுகளுக்குக் கேக்கணுமா. வேன் பிடிச்சு மதுரைக்குப் போயிட்டுத் தொண்டை கட்டி வந்தான். இன்னைக்கு ராத்திரி ஜெர்மனியோட அரையிறுதியாம், சாப்பாடு டிவி முன்னாலதான்.

கடைசியா ஒரு ரகசியம். ஒரு பயிற்சி மையத்துக்காரங்க போட்ட விடைகளை வச்சு மக என் மார்க்கைக் கூட்டிப் பாத்துட்டா. "கரையேறிட்டீங்கம்மா"ங்கா. சொல்லாதன்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். வேலையில இருக்கிறவுகளுக்குச் சிறப்புத் தேர்வு வைக்கிறதா அறிவிச்சிருக்காகல்லா, ரிசல்ட் வர்ற வரைக்கும் படிச்சுத்தானே வைக்கணும்? அதனால இப்பவும் நாலு மணிக்கு எந்திரிக்கேன். உளவியல் புஸ்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, அதுக்குள்ள வாரப் பத்திரிகையை வச்சு வாசிக்கேன். அவுக காப்பி கொண்டாந்து வச்சுட்டு, சத்தம் போடாம நடந்து போறாக. நீ போன்ல பேசும்போது அவுககிட்ட உளறித் தொலைச்சிராத, உனக்குப் புண்ணியமாப் போகும்.

அரையாண்டு லீவுக்கு அண்ணனையும் பேரனையும் கூட்டிட்டு வா. வரும்போது உங்க ஊர்ல வறுத்து அரைக்கிற காப்பித்தூள் அரைக்கிலோ, சிக்கரி கம்மியா. அவுக கையால போட்டுத் தரச் சொல்லுதேன்.

அன்புடன்,
உன் பரீட்சைக்காரி