கீறலின் ஆழம்

காரின் மேனியில் விழுந்த கீறலை அதன் நீளத்தைக் கொண்டு மதிப்பிடுவதே பலருக்கும் வழக்கம். ஆனால், செலவையும் வண்டியின் ஆயுளையும் தீர்மானிப்பது கீறலின் ஆழமே.

காயல்பட்டினத்தின் கடற்காற்றில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கும் வண்டி நம்முடையது. அதன் இடப்புறக் கதவில் முழ நீளத்திற்கு ஒரு கீறல். குறுகிய தெருவில் மிதிவண்டியின் கைப்பிடி உரசிச் சென்ற தடம். முன்புறப் பானெட்டில் உளுந்தளவில் இரண்டு இடங்களில் வண்ணம் பெயர்ந்திருந்தது; அது நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரங்கள் தெறித்த சரளைக் கற்களின் வேலை. வீட்டிற்கு வந்தோர் யாவரும் கதவைப் பார்த்தே வருந்தினர். பட்டறைக்காரரும் கதவு முழுவதையும் தேய்த்துப் புதிதாக வண்ணம் அடிக்கலாம் என்றார். அவர் கூறிய தொகைக்கு, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணத்தில்தான் கைவைக்க வேண்டும். எனவே, வண்ணப் பூச்சின் அமைப்பை அறிந்த பின்னரே முடிவு செய்வதென இருந்தோம்.

தகட்டின்மேல் இருப்பது ஒரே பூச்சு அன்று. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அடுத்து நிறம், யாவற்றிற்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு!

கதவின் கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெல்ல இழுத்தோம், தட்டவில்லை. நீர் தெளித்ததும் கீறல் கண்ணுக்கு மறைந்தது. காயம் கிளியர் கோட்டைத் தாண்டவில்லை என்பதற்கு இவையே அடையாளம். மென்மையான பாலிஷ் இட்டுத் துணியால் தேய்த்ததில் பெரும்பகுதி அகன்றது. எஞ்சியதை அப்படியே விட்டோம். ஒவ்வொரு தேய்ப்பும் அந்த மெல்லிய பூச்சில் சிறிதைத் தின்றுவிடும் அல்லவா?

பானெட்டிலோ நகம் தட்டி நின்றது. உள்ளே பழுப்புப் புள்ளியும் தெரிந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. பக்கத்து வண்ணத்தையும் அடியிலிருந்து தூக்கிவிடும். உப்புக் காற்றில் அதன் வேகம் இன்னும் அதிகம். ஆகவே, துருவை வாட்டர் பேப்பரால் நீக்கி, துடைத்து உலர்த்தி, பிரைமர் தொட்டு வைத்தோம். அது காய்ந்தபின், வண்டியின் வண்ணக் குறியீட்டிற்கு ஒத்த நிறத்தை மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகே, வைத்தோம். இறுதியில் கிளியர் கோட். செலவு சில நூறு ரூபாய்களே.

தகடு நசுங்கினாலோ, கீறல் நெடுகிலும் இரும்பு தெரிந்தாலோ பட்டறையை நாடுவதே முறை. அவ்வாறில்லாத இடத்தில் தொழிற்சாலைப் பூச்சைச் சுரண்டி எறிவது நட்டம். அங்கே கண்ணாடியும் ரப்பரும் பொருத்துமுன், அடிப்பூச்சு முதலியவற்றை 140 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் சுட்டு இறுக்குவர். முழுதும் பூட்டிய வண்டியைப் பட்டறையில் அவ்வாறு சுடவியலாது. மேலும், ஒன்பது ஆண்டு வெயிலில் வெளுத்த பக்கத்துத் தகட்டுடன் புதுநிறம் எளிதில் ஒத்துவராது.

பானெட்டின் அருகில் வந்து உற்று நோக்குவோருக்கு அந்த இரு புள்ளிகளும் தெரியவே செய்யும். தெரிந்துவிட்டுப் போகட்டும். துரு நின்றுவிட்டது, மகளின் கட்டணமும் உரிய நாளில் செலுத்தப்பட்டுவிட்டது.