அண்ணர் அப்பிள் ஆய்ந்த கதை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் அப்பிள் நோயாளிகளின் பழமாக இருந்தது. ஆசுப்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள் கடதாசிப் பையில் இரண்டு அப்பிளோ தோடம்பழமோ கொண்டு போவார்கள். 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கியபோது அதுவும் அரிதாயிற்று. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து விவசாயிகள் மிளகாயாலும் வெங்காயத்தாலும் தலைநிமிர்ந்தார்கள் என்பது வேறு கதை. கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் 1975 இல் எங்கள் வீட்டுக்கு ஒரேயொரு அப்பிள் கொண்டு வந்தார். அம்மா அதை எட்டுத் துண்டாக வெட்டினார். என் பங்கை நான் உடனே தின்று விட்டேன். என்னிலும் மூத்தவரான அண்ணர் தன் துண்டை அரை மணி நேரம் வைத்து மணந்து கொண்டிருந்தார். அது மண்ணிறமாக மாறியதும் பழுதாகி விட்டதென்று நினைத்து எனக்கே தந்து விட்டார்.

அதே அண்ணர் கனடாவில் ஓர் அப்பிள் மரத்தின் கீழே, கையில் சிவந்த பழத்தோடு சிரித்தபடி நிற்கும் நிழற்படம் 1988 தொடக்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது. கூடவே வந்த கடிதத்தில் "பழக் கம்பனியில் வேலை" என்று எழுதியிருந்தார். அம்மா அதைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் "மூத்தவன் பழக் கம்பனியில் உத்தியோகம்" என்று சொல்லி மகிழ்ந்தார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் வெளியேறியபோது நாங்களும் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு நடந்தோம். படம் சுவரிலேயே நின்று விட்டது. திரும்பி வந்தபோது சுவரும் இருக்கவில்லை.

2023 செப்ரெம்பரில் நான் ரொறன்ரோவுக்குப் போயிருந்தேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை, அண்ணரின் மகள், அதாவது என் பெறாமகள், "சித்தப்பா, இண்டைக்கு அப்பிள் ஆயப் போறம்" என்றாள். அந்த நாட்டில் இது ஒரு சடங்கு போல நடக்கிறது. இலைகள் நிறம் மாறத் தொடங்கும் நாட்களில் நகரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு பழத்தோட்டங்களுக்குப் போகின்றன. வாசலில் பணம் கட்டி ஒரு பையை வாங்கி, அது நிறையும் மட்டும் தாமே பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். கடையில் அதே பழம் மலிவாகக் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிடுங்கும் இன்பத்துக்குத்தான் அந்தக் காசு. தமிழ்க் குடும்பங்களும் இதில் யாருக்கும் குறைந்தவர்களல்லர். அன்று அந்தத் தோட்டத்தின் வாகனத் தரிப்பிடத்தில் நான் கேட்ட மொழிகளில் நமது மொழியும் உரத்துக் கேட்டது.

ஸ்காபுரோவிலிருந்து கிழக்கே 401 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓடினால் போமன்வில் பகுதி வருகிறது. தெற்கே ஒன்ராறியோ ஏரி. ஏரி என்று சொன்னாலும் மறுகரை தெரியாத நீர்ப்பரப்பு அது. வசந்தத்தில் இந்த நீர் மெதுவாகச் சூடேறுவதால் கரையோர மரங்கள் அவசரப்பட்டுப் பூப்பதில்லை. பூத்தபின் பனி வந்து கருக்கும் ஆபத்தும் குறைகிறது. இலையுதிர் காலத்திலோ கோடையின் வெப்பத்தை நீர் சேமித்து வைத்திருப்பதால் முதற் பனி பிந்துகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தே பழத்தின் தோலைச் சிவக்க வைக்கின்றன.

உழவு இயந்திரம் இழுத்த வண்டியில், வைக்கோற் கட்டுகளின் மேல் அமர்ந்து தோட்டத்துக்குள் போனோம். எனக்கு முதலில் ஏமாற்றம்தான். அண்ணரின் படத்திலிருந்த பெருமரங்களைத் தேடினேன். இங்கே நின்றவையோ கம்பியில் கட்டிய பந்தற்கொடிகள் போலக் குட்டையாக இருந்தன. ஏணியும் வேண்டாம், எங்களூர்க் கொக்கத்தடியும் வேண்டாம். கையெட்டும் உயரத்தில் கொத்துக் கொத்தாகப் பழம். இங்கிலாந்தின் ஈஸ்ற் மோலிங் ஆராய்ச்சி நிலையத்தில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்து வகைப்படுத்திய குட்டை வேர்த்தண்டுகளின் விளைவு இது. அப்பிளை விதை போட்டு வளர்த்தால் தாயைப் போல வராது. என்ன பழம் வருமென்று எவராலும் சொல்லவும் முடியாது. ஆதலால் விரும்பிய மரத்தின் கிளையை வேறொரு வேரில் ஒட்ட வேண்டும். எங்கள் கறுத்தக்கொழும்பான் மாவும் ஒட்டுக்கன்றாகத்தானே வளவுக்கு வருகிறது.

நாங்கள் போன வரிசையில் நின்றது மக்கின்ரோஷ். அதன் பருவம் முடியும் தறுவாய் என்பதால் மரத்தில் இருந்ததற்கு ஈடாக நிலத்திலும் கிடந்தது. இந்த இனத்தின் பிறப்பு அதே மாகாணத்தில்தான். 1811 இல் ஜோன் மக்கின்ரோஷ் என்ற குடியேற்றவாசி டன்டேலா என்ற இடத்தில் தன் நிலத்தைத் துப்புரவாக்கும்போது, தானே முளைத்து நின்ற சில அப்பிள் கன்றுகளைக் கண்டார். அவற்றில் ஒன்றின் பழம் மட்டும் தனித்த சுவையோடு இருந்தது. அவருடைய மகன் அலன் ஒட்டும் கலையைக் கற்று அதைப் பெருக்கினார். தாய்மரம் 1894 இல் வீடு தீப்பற்றியபோது கருகியது. 1908 வரை காய்த்து, 1910 இல் விழுந்தது. உலகெங்குமுள்ள மக்கின்ரோஷ் மரங்கள் அத்தனையும் அந்த ஒரு மரத்தின் கிளைகளே. பெறாமகள் இதைத் தன் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

அண்ணர் பிடுங்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், படம் எடுத்தார், பிள்ளைகளுக்குக் காவல் நின்றார். ஆனால் ஒரு பழத்திலும் கை வைக்கவில்லை. முதுகு வலியாக்கும் என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் சின்னப் பேத்தி ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தாள். கிளை வளைந்து, இலையோடு சிறு காம்பொன்றும் முறிந்து வந்தது. அண்ணர் சட்டென்று குனிந்து அவள் கையைப் பிடித்தார்.

"இழுக்கக் கூடாது அம்மா. உள்ளங்கையில ஏந்து. இப்ப மேலை தூக்கி மெல்லத் திருப்பு. அது தானா வரும். இழுத்தால் அடுத்த வருசத்து மொட்டும் சேர்ந்து முறியும்."

பழம் ஓசையில்லாமல் அவள் கையில் வந்தது. அந்த அசைவைப் பார்த்ததும் எனக்கு விளங்கி விட்டது. 30 ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியாளனாக இருந்தும், சொந்த அண்ணரிடம் ஒரு கேள்வியை நான் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

"பழக் கம்பனி எண்டு எழுதினது இதுதானோ அண்ணை?"

அவர் சிரித்தார். வரிசையின் முடிவிலிருந்த மரப்பெட்டியொன்றில் அமர்ந்து சொல்லத் தொடங்கினார்.

1986 முடிவில் அவர் மொன்றியலில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டு ரொறன்ரோவில், ஓர் அறையில் ஏழு பேர். செப்ரெம்பரில் ஒரு தரகர் விடியற்காலை நான்கு மணிக்குத் தெருமுனையில் வான் கொண்டு வந்து ஆள் ஏற்றினார். அப்போது பெரிய மரங்கள். இருபதடி ஏணி. மார்பில் தொங்கும் பை நிறைந்தால் ஒரு புசலுக்குக் கிட்ட வரும். நெல்லளக்கும் புசலேதான், அப்பிளில் 19 கிலோ. அந்தப் பாரத்தோடு பின்பக்கமாக ஏணியில் இறங்கி, பழம் அடிபடாமல் பெரிய பெட்டிக்குள் விட வேண்டும். ஒரு பெட்டி நிறைய ஏறத்தாழ 20 பை. கூலி பெட்டிக் கணக்கில். அடிபட்ட பழம் இருந்தால் கழிவு. முதல் நாள் அவர் நிரப்பியது மூன்று பெட்டி. கடைசி இரண்டு வாரக் கூலியோடு தரகர் மறைந்து போனதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அதுக்காகத்தான் தோட்டங்களுக்கு வாறதில்லையோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ. வேலை வேலைதானே. அது ஒக்ரோபர் மாசம், விளங்குதே?"

விளங்கியது. 1987 ஒக்ரோபர் 10 ஆம் திகதிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே போர் மூண்டிருந்தது. நாங்கள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆயிரக்கணக்கானவர்களோடு தஞ்சமிருந்தோம். தபால் இல்லை, தொலைபேசி இல்லை. அண்ணருக்குத் தெரிந்ததெல்லாம் வானொலியில் வந்த ஊர்ப்பெயர்கள் மட்டும்.

"நீங்கள் உயிரோட இருக்கிறியளோ இல்லையோ எண்டு தெரியாமல் ஏணியில நிண்டனான். கீழ பார்த்தால் தலை சுத்தும். மேல பார்த்தால் பழம். இந்த மணம் வந்தால் எனக்கு அந்த ஏணிதான் ஞாபகம் வரும். மரத்தில எனக்கொரு கோபமும் இல்லை."

"அந்தப் படம்?"

"அதுவும் அந்த மாசம்தான். கூட வேலை செய்த பெடியன் எடுத்தவன். வீட்டுக்கு அனுப்பிற படம், சிரி எண்டான். வீடு இருக்குதோ எண்டு ஆருக்குத் தெரியும்? சிரிச்சன். கையில இருந்தது கீழ கிடந்த பழம். நல்ல பழத்தைப் பெட்டிக்கல்லோ போட வேணும். பழுதான பக்கத்தை உள்ளங்கைக்குள்ளை மறைச்சுப் பிடிச்சனான்."

இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தோம். கயிறு கட்டி மறித்த அடுத்த பகுதியில், மார்பில் பை தொங்க, ஆட்கள் பழம் ஆய்ந்து கொண்டிருந்தார்கள். அங்கே பிள்ளைகளின் கூச்சல் இல்லை. கைகள் மட்டும் இயங்கின. அண்ணர் எழுந்து போய்க் கயிற்றோரம் நின்ற ஒருவரோடு கதைத்தார். ஜமேக்காக்காரர். 19 ஆவது முறையாக வந்திருக்கிறாராம். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து படிப்பை முடித்தது வரை எல்லாவற்றையும் தொலைபேசி வழியாகவே அறிந்திருக்கிறார்.

கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966 இல் ஜமேக்காவிலிருந்து வந்தவர்களோடு தொடங்கியது. 1974 இல் மெக்சிக்கோவும் சேர்ந்தது. ஓர் ஆண்டில் ஆகக் கூடியது 8 மாதம் வேலை செய்யலாம். டிசெம்பர் 15 க்குள் நாடு திரும்ப வேண்டும். குடும்பத்தை அழைத்து வர முடியாது. எத்தனை ஆண்டு வந்தாலும் அந்த வரவு நிரந்தரக் குடியுரிமைக்கு வழி திறப்பதில்லை. கடைகளில் நாம் வாங்கும் ஒன்ராறியோப் பழத்தை மரத்திலிருந்து இறக்குவது பெரும்பாலும் இவர்களின் கைகளே.

அண்ணர் திரும்பி வந்து, "எனக்கு அகதியெண்டு ஒரு கடதாசி தந்தாங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். ஒரே ஏணியில் நின்ற இருவரில் ஒருவரின் பேத்தி இன்று காசு கொடுத்துப் பழம் பிடுங்குகிறாள். நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படம் எடுப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். கூடையைக் கொடுத்து விட்டு ஓரமாக நிற்கும் பெண்ணின் முகத்தை ஒரு தடவையாவது உற்றுப் பார்த்தேனா என்று அன்று யோசித்தேன்.

வெளியேறும் இடத்தில் சைடர் விற்றார்கள். இங்கிலாந்தில் சைடர் என்றால் மதுதான் என்று அறிந்திருந்ததால் நான் தயங்கினேன். பெறாமகள் சிரித்தாள். வட அமெரிக்காவில் வெறுமனே சைடர் என்றால் வடிகட்டாத, புளிக்காத அப்பிள் சாறு. பழங்களைக் கழுவி, அரைத்து, துணியில் பொதிந்து அழுத்திப் பிழிகிறார்கள். ஒரு புசல் பழத்தில் 10 லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். காற்றுப் பட்டதும் மண்ணிறமாகி விடுகிறது. அண்ணர் பழுதென்று நினைத்து எனக்குத் தந்த அந்தத் துண்டின் நிறம். விட்டு வைத்தால் நாளடைவில் புளித்து மதுவாகும். எங்களூரில் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் கருப்பநீர். தடவாது விட்டால் கள்ளு. விடயம் ஒன்றுதான். 1996 இல் அமெரிக்காவில் காய்ச்சாத அப்பிள் சாற்றிலிருந்த ஈ.கோலை பக்ரீரியாவால் பலர் நோயுற்று ஒரு குழந்தை இறந்த பின், இப்போது பெரும்பாலான இடங்களில் சூடாக்கியோ புற ஊதாக் கதிரில் செலுத்தியோதான் விற்கிறார்கள்.

குளிருக்கு இதமாகக் கறுவாப் பட்டை போட்டுச் சுட வைத்ததை வாங்கினோம். கறுவா என்றதும் எனக்குச் சற்றே ஊர்ப் பெருமை தலைகாட்டியது. ஆனால் அந்தக் கண்டத்தில் அப்பெயரில் விற்பதில் பெரும்பகுதி நமது கறுவா அல்ல, அதன் உறவான காசியா. அண்ணர் கோப்பையை இரு கைகளாலும் பிடித்து, குடிக்காமல், நெடுநேரம் மணந்து கொண்டிருந்தார். பிறகு குடித்து முடித்து இன்னொன்று வாங்கி வரச் சொன்னார்.

பத்திரிகையில் ஆயிரக்கணக்கான படங்களுக்குக் கீழே நான் படவிளக்கம் எழுதியிருக்கிறேன். யார், எங்கே, எப்போது என்பது சரியாக இருந்தால் போதும் என்றே பழகி விட்டது. அம்மா இறக்கும் வரை அண்ணருக்குப் பழக் கம்பனியில்தான் உத்தியோகம். அவர் அப்படியே நம்பிப் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த உத்தியோகத்தின் காசு உண்டியல் மூலம் வந்துதான் நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். ஆகவே, சுவரோடு அழிந்து போன அந்தப் படத்துக்கு 36 ஆண்டுகள் பிந்திய படவிளக்கமாக இதை எழுதி வைக்கிறேன்.