பின் சீட்டு ஹெட்ரெஸ்ட்: கழட்டணுமா, மடக்கணுமா, சும்மா விடணுமா?

பின்கதவுல ஸ்டெப்னி தொங்குற ஜாதி வண்டி வச்சிருக்கறவங்களுக்கு இந்தப் பதிவு. மத்தவங்களும் படிக்கலாம், கழுத்து எல்லாருக்கும் ஒண்ணுதானே :-)

எங்க வீட்டுல போன மாசம் ஒரு பஞ்சாயத்து. கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகணும்னு அம்மா ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தாங்க. காரவள்ளியிலேர்ந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. அம்மா உயரம் நாலடி பத்து அங்குலம். கழுத்து எலும்புத் தேய்மானம் வேற. பீரோவுல புடவைக்கு நடுவுல ஒரு கழுத்துப்பட்டை எப்பவும் இருக்கும். பின் சீட்டுல உக்காந்தா ஹெட்ரெஸ்ட் தோள்பட்டைக்கு நடுவுல குத்துதாம். "அந்தக் கட்டையைக் கழட்டிப் போட்டீன்னா வரேன், இல்லாட்டி நீங்களே போயிட்டு வாங்கடா"ன்னு சொல்லிட்டாங்க.

மச்சினன் உடனே களத்துல குதிச்சுட்டான். "மாமா, நானே கழட்டித் தரேன். என் வண்டியில வாங்கின மறுநாளே கழட்டிப் பரண்ல போட்டுட்டேன். கண்ணாடியில பின்னாடி வர்றவன் நல்லாத் தெரியுவான்." தங்கமணி மட்டும், "ஏங்க, ஒண்ணுமில்லாததுக்கா கம்பெனிக்காரன் அதை வச்சிருப்பான்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல பேரே தப்பு. நாம ஹெட்ரெஸ்ட்னு சொல்றோம், தலை சாய்ச்சுத் தூங்கற தலகாணி மாதிரி. இஞ்சினியருங்க வச்ச பேரு 'ஹெட் ரெஸ்ட்ரெய்ன்ட்'. சாய்மானம் இல்லைங்க, தடுப்பு. பின்னாலேர்ந்து ஒருத்தன் இடிச்சா சீட்டு நம்ம முதுகை முன்னாடி தள்ளும். உடம்பு போயிடும், தலை மட்டும் இருந்த இடத்துலயே நிக்கப் பாக்கும். நடுவுல மாட்டிக்கிறது கழுத்து. ஒரு கணம் எஸ் மாதிரி வளைஞ்சு, அப்புறம் சாட்டை மாதிரி சொடுக்கும். விப்லாஷ்னு பேரு வந்ததே அதனாலதான். எல்லாம் கண் சிமிட்டுற நேரத்துல முடிஞ்சுடும். கழுத்தை இறுக்கிப் பிடிச்சுக்கலாம்னு நினைக்கிறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும்.

இதுக்குப் பெரிய வேகமெல்லாம் வேண்டாம். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் டோல்கேட் வரிசையில நின்னுட்டு இருந்தப்ப பின்னாடி ஒரு மினி லாரி வந்து முட்டுச்சு. வண்டிக்கு பம்பர் செலவோட போச்சு. பின் சீட்டுல இருந்த அவரோட அம்மாவுக்கு ரெண்டு மாசம் கழுத்துப்பட்டை. அந்த வண்டியில பின் ஹெட்ரெஸ்ட் இல்லை, எப்பவோ கழட்டியாச்சு. இருந்திருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா எங்க அம்மா கழுத்தை வச்சு அந்தப் பரீட்சை எழுதவும் எனக்கு மனசு வரலை.

அமெரிக்காவுல முன் சீட்டுக்கு இதைக் கட்டாயம் ஆக்கினது 1969 ஜனவரி 1லேர்ந்து. 2004 டிசம்பர்ல விதியைத் திருத்தினப்ப பின் சீட்டுக்குக் கட்டாயம்னு சொல்லலை. ஆனா வச்சா இந்த உயரம், இந்த வலு இருக்கணும்னு சொல்லிட்டாங்க. அதுலதான் எனக்கு ஒரு சுவாரசியமான விஷயம் கிடைச்சுது.

டிரைவருக்குப் பின்பக்கம் தெரியணுங்கறதுக்காகப் பின் ஹெட்ரெஸ்ட்டை இறக்கவோ மடக்கவோ வசதி குடுக்கலாம். ஆனா அப்படி இருக்கும்போது யாராவது உக்காந்தா, "இது சரியில்லையே"ன்னு அவங்களுக்கே தெரியணும். அதுக்கு அந்த விதியில சில வழி இருக்கு. ஆள் உக்காந்ததும் தானா நிமிரலாம். நல்லா மடங்கி, இது உபயோகத்துல இல்லைன்னு பளிச்னு தெரியலாம். இல்லாட்டி முதுகுல இடிச்சுத் தொந்தரவு பண்ணலாம்!

அதாவது, முழுசா இறக்கி வச்ச ஹெட்ரெஸ்ட் முதுகுல இடிக்கறது பல வண்டியில கோளாறே இல்லைங்க. "என்னைத் தூக்கி விடுப்பா"ன்னு அது நம்மகிட்ட சொல்ற பாஷை அது. நாம என்ன பண்றோம்? இடிக்குதுன்னு கழட்டிப் பரண்ல போட்டுடறோம்.

வீட்டுல போய் அம்மாவை உக்கார வச்சு, பட்டனை அமுக்கி ரெண்டு 'கிளிக்' மேல தூக்கினேன். தோள்பட்டையை விட்டு ஏறி, பின்மண்டைக்கு நேரா வந்து நின்னுச்சு. "இப்ப இடிக்குதாம்மா?" "இப்ப இல்லியே. இதை அன்னைக்கே பண்ணித் தொலைக்கறதுக்கு என்ன?" அம்மாங்க எப்பவும் அப்படித்தானே :-)

எவ்வளவு உயரம்? மேல் விளிம்பு குறைஞ்சது காதோட மேல் நுனி அளவுக்காவது வரணும். தலைக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, நாலு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முன்னாடி குனிஞ்சு உக்காந்து மொபைல் நோண்டினா அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இப்ப மச்சினன் சொன்ன 'பின்பக்கம் தெரியும்' விஷயம். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நம்ம ஜாதி வண்டியில ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டினதும் அதுக்குப் பின்னாடி தெரியறது என்ன? ஸ்டெப்னி! கண்ணாடியில பாதியை அது முழுங்கிடும். சைடு மிரரைச் சரியா வச்சு, ரிவர்ஸுக்கு கேமரா இருந்தா அதையும் பாத்து ஓட்டறதுதான் வழி. பின் சீட்டு காலியா இருந்தா தாராளமா இறக்கி வைங்க, மடங்குற மாதிரி இருந்தா மடக்குங்க. ஆள் ஏறினா தூக்கி விடுங்க. காலின்னா இறக்கு, ஆள்னா ஏத்து. அவ்வளவுதான் சூத்திரம்.

மலைப்பாதைக்கு இன்னொண்ணும் இருக்கு. செங்குத்தா ஏறும்போது உடம்போட தலையும் பின்னாடி சாயும். கரடுமுரடான தடத்துல ஒவ்வொரு குழிக்கும் தலை ஆடும். கழுத்து வீக்கானவங்களுக்குப் பின்னாடி ஒரு முட்டு இருக்கறது எவ்வளவு ஆசுவாசம்னு 70 வளைவும் ஏறி முடிச்சப்ப அம்மாவே சொன்னாங்க.

கழட்டியே ஆகணுங்கற நேரமும் உண்டு. சீட்டை மடிச்சு சாமான் ஏத்தறப்ப ஹெட்ரெஸ்ட் முன் சீட்டுல முட்டும். உதாரணத்துக்கு ஐந்து கதவு ஜிம்னியில டிக்கி 208 லிட்டர், பின் சீட்டை மடிச்சா 332 லிட்டர். டென்ட், ஸ்டவ்வுன்னு கிளம்பறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம். அதே மாதிரி சில குழந்தை சீட்டுக்குப் பின்னாடி ஹெட்ரெஸ்ட் முட்டிக்கிட்டு, சீட்டு சரியாப் படியாது. அப்ப ரெண்டு மேனுவலையும் பாத்துட்டுக் கழட்டலாம்.

கழட்டறது பெரிய வித்தையில்லை. பெரும்பாலான வண்டியில ரெண்டு கம்பியில ஒண்ணோட அடியில பட்டன் இருக்கும். இன்னொண்ணுலயும் பட்டனோ சின்ன ஓட்டையோ இருந்தா அதையும் சேர்த்து அமுக்கணும். மேல தூக்கறப்ப கூரை இடிச்சா சீட்டு முதுகைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சுக்கோங்க. திரும்ப மாட்டும்போது பள்ளம் வெட்டின கம்பி பட்டன் பக்கம் வரணும். மாட்டினதும் ஒருதடவை மேல இழுத்துப் பாருங்க, கையோட வந்துடக் கூடாது. கழட்டினதை டிக்கியில சும்மா உருள விடாதீங்க. சடன் பிரேக் போட்டா அந்த இரும்புக் கம்பி உங்க தலையைத் தேடித்தான் பறந்து வரும். கட்டி வைங்க.

கடைசியா, வாட்ஸ்அப்புல சுத்துற ஒரு கதை. வண்டி தண்ணியில மூழ்கினா கண்ணாடியை உடைக்கத்தான் ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டற மாதிரி செஞ்சிருக்காங்களாம். இல்லைங்க. உயரம் மாத்தவும், சீட்டு மடிக்கவும், குழந்தை சீட்டு வைக்கவும்தான் அது கழண்டு வருது. அவசரத்துக்கு சில நேரம் அந்தக் கம்பி உதவலாம், ஆனா லேமினேட் பண்ணின கண்ணாடி அதுக்கெல்லாம் மசியாது. கண்ணாடி உடைக்கற சின்னச் சுத்தியல் ஒண்ணை டிரைவர் கைக்கு எட்டுற இடத்துல வைங்க.

மச்சினன் இன்னும் பரண்லேர்ந்து இறக்கலை. "டைம் இல்லை மாமா"ங்கறான். போன வாரம் மாமியார் அவன் வண்டியில ஏறறதுக்கு முன்னாடி, "என் பின்னாடி வைக்கற கட்டை எங்கடா?"ன்னு கேட்டாங்களாம். கோயில்ல அம்மா ஏதோ பாடம் எடுத்திருக்காங்க போல. எப்படியும் இந்த வாரம் பரண் ஏறிடுவான்.

டிஸ்கி: ஒவ்வொரு வண்டிக்கும் லாக் வேற மாதிரி. மடங்காததை முரட்டுத்தனமா மடக்கி உடைச்சுட்டு என்னைத் திட்டாதீங்க. மேனுவல் டேஷ்போர்டு பெட்டிக்குள்ள, இன்ஷூரன்ஸ் பேப்பருக்கு அடியில, பிளாஸ்டிக் உறை பிரிக்காம அப்படியே இருக்கும் :-)